ஐஸ் ஹாக்கி பிளேஆஃப் தொடரில் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் வியூகத்தைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் பிளேஆஃபில் (வழக்கமான சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) அதே இரண்டு அணிகள் இரண்டு வாரம்வரை திரும்பத் திரும்ப மோதுகின்றன. ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கு ஜெயிக்கும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். வழக்கமான சீசனில் ஒரு எதிரணியோடு ஆடிவிட்டு மறுநாளே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடலாம். இங்கே அது நடக்காது. முதல் ஆட்டத்தில் எடுபட்ட ஒரு தந்திரத்தை எதிரணி அன்று இரவே வீடியோவில் பார்த்துவிடும். மூன்றாவது ஆட்டத்துக்குள் அதற்கு ஒரு பதில் தயாராகிவிடும்.

யார் எதை மாற்றினார்கள், எதிரணி அதற்கு என்ன பதில் வைத்தது என்று கண்டுபிடிக்கும் முறை இது. ஒரு பயிற்சியாளருக்கு வீடியோ பார்த்துக் கொடுப்பவருக்கும் உதவும், தொடரை ஆழமாகப் பார்க்க நினைக்கும் ரசிகருக்கும் உதவும். விளையாட்டின் அடிப்படை தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "என்ன மாறியது?" என்று மூன்றாவது ஆட்டத்தில் கேட்கிறார்கள். முதல் ஆட்டத்தில் என்ன இருந்தது என்பதை எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் எழுதிய குறிப்பை நம்பித்தான் நிற்கிறது.

தொடங்கும் முன்: கையில் இருக்க வேண்டியவை

ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வசதி கட்டாயம் வேண்டும். நேரலையில் கண் பக்கைத்தான் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) துரத்தும். வியூகம் தெரிவதோ பக் இல்லாத இடத்தில்.

அடுத்து, ஆட்ட அறிக்கைகள். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் யார் எந்த நிமிடத்தில் களத்தில் இருந்தார், எத்தனை ஷிஃப்ட் (பெஞ்சிலிருந்து இறங்கித் திரும்பும்வரை ஆடும் ஒரு தடவை) ஆடினார் என்ற முழு விவரத்தையும் என்ஹெச்எல் தன் தளத்தில் வெளியிடுகிறது. இதை எடுத்து வைக்காமல் மூன்றாவது படிக்குப் போவது வீண் வேலை.

அப்புறம் சில விதிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆட்டம் நிற்கும்போது ஆள் மாற்றும் கடைசி உரிமை சொந்தக் களத்து அணிக்கு. ஐசிங் (தன் பாதியிலிருந்தே எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பக்கை அடித்துவிடுவது) செய்த அணி ஆள் மாற்ற முடியாது, டைம் அவுட் கேட்கவும் முடியாது. ஐசிங்குக்குப் பிறகும், பவர் பிளே (பெனால்டியால் எதிரணிக்கு ஆள் குறைந்த நேரம்) தொடங்கும்போதும், ஃபேஸ் ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) இடப்பக்கமா வலப்பக்கமா என்று தேர்ந்தெடுப்பது தாக்கும் அணி. ஆட்டத்தின் மூன்று பீரியடுகளில் இரண்டாவதில் அணிகள் பக்கம் மாறுவதால் தற்காப்புப் பகுதியிலிருந்து பெஞ்ச் தூரமாகிவிடும். இவை ஒவ்வொன்றும் ஒரு பயிற்சியாளரின் கையில் ஆயுதம். இது தெரியாமல் பார்த்தால், அவர் வேண்டுமென்றே செய்வது தற்செயலாகத் தோன்றும்.

1. முதல் ஆட்டத்தில் அடிப்படைக் குறிப்பு எடுங்கள்

முதல் ஆட்டத்தில் எதையும் அலசாதீர்கள். இரு அணிகளுக்கும் தனித்தனியாக ஆறு விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: தற்காப்புப் பகுதியிலிருந்து பக் எப்படி வெளியே வருகிறது, எதிரணியின் பகுதியில் எத்தனை பேர் ஃபோர்செக்குக்கு (பக்கை வெளியே கொண்டுவர விடாமல் அங்கேயே நெருக்குவதற்கு) போகிறார்கள், எதிரணியின் நீலக்கோட்டை (அவர்களின் பகுதி தொடங்கும் கோடு) தாண்டும்போது பக்கைச் சுமந்து போகிறார்களா, உள்ளே தள்ளிவிட்டுத் துரத்துகிறார்களா, பவர் பிளேயில் ஐந்து பேர் எந்த வடிவில் நிற்கிறார்கள், ஆள் குறைந்தபோது நான்கு பேர் எந்த வடிவில், எதிரணியின் முதல் லைனுக்கு (சேர்ந்து இறங்கும் மூன்று முன்கள வீரர்கள் ஒரு லைன், முதல் லைன் அதில் சிறந்தது) எதிரே எந்தப் பின்கள ஜோடி வருகிறது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். "இரண்டு பேர் ஆழமாக, ஒருவர் உயரே, பின்கள வீரர் சுவரோரம் இறங்குகிறார்" என்ற அளவில் இருந்தால் சரி ("உயரே" என்றால் நீலக்கோட்டின் பக்கம்). பத்து வரி எழுதினால் இரண்டாவது ஆட்டத்தில் அதை ஒப்பிட்டுப் பார்க்கப் பொறுமை இருக்காது.

முதல் பீரியடின் முதல் பத்து நிமிடம்தான் இதற்குச் சிறந்த நேரம். அப்போது இரு அணிகளும் பயிற்சியில் திட்டமிட்டதை அப்படியே ஆடும். ஸ்கோர் ஒரு பக்கம் சாய்ந்த பிறகு திட்டம் கலைந்துவிடும்.

2. ஸ்கோரை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தைப் பிரியுங்கள்

5-2 என்று முடிந்த ஆட்டத்தில் கடைசி இரண்டு கோலும், பின்தங்கிய அணி கூடுதல் ஆளுக்காகக் கோல்கீப்பரை எடுத்துவிட்ட காலி வலைக்குள் போயிருக்கலாம். அப்படியானால் அது 3-2 ஆட்டம். தோற்ற அணி பெரிதாக எதையும் மாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் இருக்கலாம்.

ஐந்துக்கு ஐந்து ஆடிய நேரம், பவர் பிளே நேரம், வலை காலியாக இருந்த நேரம் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஐந்துக்கு ஐந்தில் இரண்டு கோலுக்கு மேல் முன்னிலை இருந்த நிமிடங்களைத் தனியே வையுங்கள். முன்னிலையில் இருக்கும் அணி பின்வாங்கி ஆடும், பின்தங்கிய அணி ஷாட்களாகக் குவிக்கும். அந்த ஷாட் எண்ணிக்கையை வைத்து "மூன்றாவது பீரியடில் அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று எழுதுவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். எதிரணி இடம் விட்டது, இவர்கள் ஆடினார்கள், அவ்வளவுதான்.

மிஞ்சும் நிமிடங்களில் கோலுக்கு நேர் எதிரே, நெருக்கத்தில் கிடைத்த வாய்ப்புகளை எண்ணுங்கள். அதில் ஓர் அணி தெளிவாகப் பின்தங்கியிருந்தால் அந்த அணி எதையோ மாற்றும் என்று எதிர்பார்க்கலாம். சமமாக இருந்தும் தோற்றிருந்தால், நல்ல பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். மாற்றாமல் இருப்பதும் ஒரு முடிவு. ரசிகர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும்.

3. யாருக்கு எதிரே யார் என்று பாருங்கள்

தொடரில் முதலில் மாறுவதும் அடிக்கடி மாறுவதும் இதுதான். புதிய வடிவம் கற்றுக்கொடுக்கப் பயிற்சி நேரம் வேண்டும். ஒருவருக்குப் பதில் இன்னொருவரைக் களத்துக்கு அனுப்ப, பெஞ்சில் தோளைத் தட்டினால் போதும்.

தொடரின் அமைப்பு 2-2-1-1-1. சீசனில் மேலே முடித்த அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் சொந்தக் களத்தில் ஆடும், அடுத்த இரண்டும் எதிரணியின் களத்தில், அப்புறம் ஒன்று ஒன்றாக மாறி மாறி. எனவே மூன்றாவது ஆட்டத்தில் கடைசி மாற்று உரிமை கை மாறுகிறது. இரண்டாவது ஆட்டத்துக்கும் மூன்றாவது ஆட்டத்துக்கும் நடுவே ஒரு நட்சத்திர வீரர் திடீரென்று காணாமல் போனால், அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு முன் அவருக்கு எதிரே இப்போது யார் ஆடுகிறார் என்று பாருங்கள்.

செய்முறை இதுதான். ஒவ்வொரு அணியின் முதல் லைனில் அதிகம் ஆடும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் களத்தில் இருந்த நிமிடங்களில் எதிரணியின் எந்தப் பின்கள ஜோடி, எந்த சென்டர் (லைனின் நடு வீரர்) அதிகம் இருந்தார்கள் என்று ஷிஃப்ட் அறிக்கையில் பாருங்கள். முதல் இரண்டு ஆட்டங்களுக்கு ஒரு கணக்கு, மூன்றாவது, நான்காவது ஆட்டங்களுக்கு ஒரு கணக்கு. இரண்டும் ஒன்றாகவே இருந்தால் இரு பயிற்சியாளர்களும் அந்த மோதலை விரும்புகிறார்கள் என்று பொருள். தலைகீழாக இருந்தால் ஒருவர் தப்பிக்கப் பார்க்கிறார்.

வெளியூர் அணிக்கும் வழிகள் உண்டு. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாற்றினால் கடைசி உரிமை பற்றிய விதி பொருந்தாது. அதனால் ஃபேஸ் ஆஃபுக்கு ஒரு லைனை நிறுத்தி, எதிரணி தன் சிறந்த ஜோடியை அனுப்பியதும், பத்து நொடியில் அந்த லைனைத் திரும்ப அழைத்து முதல் லைனை இறக்கிவிடுவார்கள். அறிக்கையில் இது மிகக் குட்டையான ஷிஃப்டாகத் தெரியும். பத்து, பன்னிரண்டு நொடி ஷிஃப்டுகள் ஒரே ஆட்டத்தில் வரிசையாகத் தெரிந்தால் அது களைப்பாலோ காயத்தாலோ அல்ல, தப்பிக்கும் வேலை.

இன்னொரு வழி ஐசிங். எதிரணி ஐசிங் செய்தால் அந்த ஐந்து பேரும் களத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். அது அவர்களின் மூன்றாவது ஜோடியாக இருந்தால், வெளியூர் அணி உடனே தன் முதல் லைனை அனுப்பும். தன் சென்டர் இடக்கைக்காரரா வலக்கைக்காரரா என்பதைப் பார்த்து ஃபேஸ் ஆஃப் பக்கத்தையும் அதுவே தேர்ந்தெடுக்கும். ஐசிங்குக்கு அடுத்த இருபது நொடியை எப்போதும் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

மோதலிலிருந்து தப்பிப்பது மட்டும்தான் பதில் என்று நினைக்க வேண்டாம். 2013 ஸ்டான்லி கோப்பை (என்ஹெச்எல் சாம்பியனுக்கான கோப்பை) இறுதித் தொடரில் பாஸ்டன் 2-1 என்று முன்னிலையில் இருந்தது. ஸ்டேனோ சாரா, டென்னிஸ் சைடன்பெர்க் ஜோடி சிகாகோவின் ஜோனதன் டேவ்ஸை அடக்கி வைத்திருந்தது. நான்காவது ஆட்டமும் பாஸ்டனில், அதாவது கடைசி மாற்று உரிமை பாஸ்டன் பயிற்சியாளர் கிளாட் ஜூலியனிடம். சிகாகோ பயிற்சியாளர் ஜோயல் குவென்வில் ஓடி ஒளியவில்லை. தனித்தனி லைன்களில் ஆடிய டேவ்ஸையும் பேட்ரிக் கேனையும் ஒன்றாக்கி, கோல் முன்னே உடம்பைக் கொடுக்கும் பிரையன் பிக்கலை அவர்களோடு சேர்த்தார். சாராவை விட்டு விலகாமல் அவர் மேலேயே ஆட்டத்தைத் திணித்தார்கள். சிகாகோ 6-5 என்று ஓவர்டைமில் ஜெயித்தது. டேவ்ஸும் கேனும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்துக் கோப்பையையும் எடுத்துக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த மாற்றத்துக்கு என்ன விலை என்பது. இரண்டு நட்சத்திரங்களை ஒரே லைனில் வைத்தால் இரண்டாவது லைன் மெலியும். களத்தில் ஐந்து பேர்தான். ஓர் ஓட்டையை அடைக்க வேறு எங்கிருந்தாவது ஆளை எடுத்தே ஆக வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதிப் படிகள் எல்லாம் எளிதாகிவிடும்.

4. பக் வெளியே வரும் வழியைப் பாருங்கள்

ஆள் மோதலுக்கு அடுத்து மாறுவது, தற்காப்புப் பகுதியிலிருந்து வெளியேறும் முறையும் அதைத் தடுக்கும் ஃபோர்செக்கும். இவை இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ஒன்று கேள்வி என்றால் மற்றது பதில். இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் தொடர்கள் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகின்றன.

ஒரே ஒரு காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். பக் மூலைக்கு வந்து விழுகிறது. பின்கள வீரர் முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போகிறார். ஃபோர்செக்குக்கு வரும் முதல் ஆள் நேராகப் பாய்வதில்லை. வளைந்து வந்து, வலைக்குப் பின்னால் போகும் வழியை அடைத்துவிட்டு, சுவரோரம் மட்டும் வழி விடுகிறார். பின்கள வீரர் வேறு வழியில்லாமல் பலகையோரம் பக்கை அனுப்புகிறார். அங்கே காத்திருக்கும் விங்கருக்கு (லைனின் ஓர வீரர்) பக் வந்து சேரும் கணத்தில், எதிரணியின் பின்கள வீரர் நீலக்கோட்டிலிருந்து இறங்கி அவரைப் பலகையோடு நெருக்குகிறார். இதைத்தான் பிஞ்ச் என்கிறார்கள். ஃபோர்செக்கின் இரண்டாவது ஆள் சிதறும் பக்கைப் பொறுக்குகிறார். மூன்றாவது ஆள் உயரே நின்று, பிஞ்ச் செய்ய இறங்கியவர் விட்டுவந்த இடத்தைக் காக்கிறார்.

முதல் ஆட்டத்தில் இது பத்து முறை நடந்தால், அடுத்த ஆட்டத்தில் பதில் வரும். வழக்கமான பதில்கள் சில உண்டு. சென்டர் கீழே இறங்கி விங்கருக்கு மிக அருகில் வருவார். விங்கர் பக்கை நிறுத்தாமல் ஒரே தொடுதலில் உள்ளே தட்டிவிடுவார். அல்லது பின்கள வீரர் சுவரோரம் போவதுபோல் பாவனை காட்டி, வலைக்குப் பின்னால் பக்கைத் திருப்பி அனுப்புவார், அங்கே ஜோடிக்காரர் காத்திருப்பார். மூன்றாவது பதில் அழகில்லாதது: பலகைக்கு மேலுள்ள கண்ணாடியில் உயரமாக அடித்து வெளியே தள்ளிவிட்டு, எதிர்ப்பக்க விங்கரை முன்கூட்டியே ஓட விடுவது. பிளேஆஃபில் அதிகம் பார்ப்பது இந்த மூன்றாவதுதான்.

இப்போது எதிரணியின் முறை. சென்டர் கீழே இறங்குவதைப் பார்த்துவிட்டால், உயரே நிற்கும் மூன்றாவது ஆள் நடுவுக்கு நகர்ந்து அந்த உள் பாஸை வெட்டுவார். வலைக்குப் பின்னால் திருப்புவது தெரிந்துவிட்டால், இரண்டாவது ஆள் மறுபக்கத்தில் முன்னதாகவே காத்திருப்பார். கண்ணாடி வழியே வெளியேற்றினால், பின்கள வீரர் பிஞ்ச் செய்வதை நிறுத்திவிட்டு நீலக்கோட்டிலேயே நின்று பக்கை உள்ளே தடுத்து வைப்பார்.

எப்படிக் குறிப்பது? பக்கை மீட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு எழுத்து: சுவருக்கு 'சு', நடுவுக்கு 'ந', திருப்புவதற்கு 'தி', கண்ணாடிக்கு 'க'. வெற்றிகரமாக வெளியேறினால் அடியில் ஒரு கோடு. ஒரு பீரியடுக்கு ஒரு வரிசை. இரண்டு ஆட்டங்களின் வரிசையை அருகருகே வைத்தால், மாற்றம் இருந்தால் தானாகத் தெரியும். இல்லாவிட்டால் இல்லை. தொலைக்காட்சியில் "அவர்கள் வேகம் கூடிவிட்டது" என்று சொல்வதில் பாதி, 'சு' குறைந்து 'ந' கூடியதன் விளைவுதான்.

இங்கே நடக்கும் பிழை, முதல் ஆளையே பார்த்துக்கொண்டிருப்பது. முதல் ஆள் எல்லா ஆட்டத்திலும் ஒரே மாதிரிதான் ஓடுவார். மூன்றாவது ஆள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். மாற்றம் அவரிடம்தான் இருக்கும்.

5. நடுப்பகுதி

இரண்டு நீலக்கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதியில் வடிவங்கள் குறைவு. எனவே இந்தப் படி சீக்கிரம் முடிந்துவிடும். ஒருவர் முன்னே, இருவர் நடுவே, இருவர் பின்னே நிற்கும் 1-2-2 பொதுவானது. ஒருவர் முன்னே, மூவர் குறுக்காக, ஒருவர் கடைசியில் நிற்கும் 1-3-1 இன்னும் இறுக்கமானது. கை பூஷேவின் பயிற்சியில் டாம்பா பே இதை ஆடிய நாட்களில், 2011 நவம்பரில் பிலடெல்பியா வீரர்கள் தங்கள் பகுதியிலேயே பக்கை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். டாம்பாவும் முன்னே வரவில்லை. நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. பார்க்கச் சகிக்காது, ஆனால் அந்த வடிவம் எவ்வளவு தலைவலி என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

1-3-1 போன்ற சுவருக்கு எதிரே பக்கைச் சுமந்து போக முயன்று இழந்தால், எதிரணிக்கு நேரடி வாய்ப்பு. அதனால் தோற்ற அணி அடுத்த ஆட்டத்தில் பக்கை உள்ளே தள்ளிவிட்டுத் துரத்தத் தொடங்கும். அதிலும் எங்கே தள்ளுகிறார்கள் என்று பாருங்கள். கோல் கோட்டுக்குப் பின்னால், வலையை ஒட்டியுள்ள சரிவகப் பகுதிக்கு வெளியே, கோல்கீப்பர் பக்கைத் தொடக் கூடாது. பக்கைக் கையாள்வதில் திறமையான கோல்கீப்பர் எதிரே இருந்தால், இந்த அணி மூலையைக் குறிவைத்து மெதுவாகத் தள்ளும். முதல் ஆட்டத்தில் வலைக்குப் பின்னால் சுற்றி வந்த பக், இரண்டாவது ஆட்டத்தில் மூலையில் நின்றால் அது சொல்லிக்கொடுத்துச் செய்ததுதான்.

6. பவர் பிளே, பெனால்டி கில்

இங்கே எண்ணிக்கை மிகக் குறைவு என்பதை முதலில் மனதில் வையுங்கள். ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு மூன்று நான்கு பவர் பிளே கிடைக்கலாம். அதில் ஒன்று கோலானதா இல்லையா என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பகுதிக்குள் சுத்தமாக நுழைய முடிந்ததா, வடிவம் அமைந்ததா, விரும்பிய ஆளிடம் ஷாட் போய்ச் சேர்ந்ததா என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள்.

இன்று பெரும்பாலான அணிகள் பவர் பிளேயில் 1-3-1 வடிவில் நிற்கின்றன: நீலக்கோட்டருகே ஒருவர், இரு பக்கமும் ஷாட் அடிப்பவர்கள், நடுவில் ஒருவர், வலைக்கு முன்னே ஒருவர். தடுக்கும் நால்வர் ஐந்து பேரையும் மூட முடியாது. எனவே யாரைத் திறந்துவிடுவது என்பதுதான் பெனால்டி கில்லின், அதாவது ஆள் குறைந்தபோது ஆடும் தற்காப்பின், முழு வியூகமும். முதல் ஆட்டத்தில் பக்கவாட்டு ஷாட்காரர் இரண்டு கோல் அடித்திருந்தால், அடுத்ததில் ஒரு தடுப்பாளர் அவர் பக்கமே சாய்ந்து நிற்பார். அப்போது நடுவில் நிற்பவர் திறந்துவிடுவார். மூன்றாவது ஆட்டத்தில் பாஸ் அவருக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் பவர் பிளேயின் பயிற்சியாளர் விழித்துக்கொண்டார்.

பூட்டிப்போட்ட பவர் பிளே ஒரு தொடரையே மாற்றிவிடும். 2010 முதல் சுற்றில், சீசனில் முதலிடம் பிடித்த வாஷிங்டனுக்கு மான்ட்ரியாலுக்கு எதிராக 33 பவர் பிளே கிடைத்தது. கோல் ஒன்றே ஒன்று. மான்ட்ரியால் ஷாட்களின் குறுக்கே உடம்பைப் போட்டது, அதன் கோல்கீப்பர் யரோஸ்லாவ் ஹலாக் ஆறாவது ஆட்டத்தில் மட்டும் 53 ஷாட்களைத் தடுத்தார். 3-1 என்று பின்தங்கியிருந்த அணி தொடரை ஜெயித்தது.

எல்லாப் பதிலும் வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. 2019 இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் செயின்ட் லூயிஸ் 7-2 என்று தோற்றது. பாஸ்டன் தனக்குக் கிடைத்த நான்கு பவர் பிளேயிலும் கோல் அடித்தது. இதற்கு முதல் மருந்து புதிய வடிவம் அல்ல, பெனால்டி வாங்காமல் இருப்பது. நான்காவது ஆட்டத்தில் பாஸ்டனின் பவர் பிளே வாய்ப்புகள் குறைந்தன, செயின்ட் லூயிஸ் 4-2 என்று ஜெயித்தது, கடைசியில் ஏழாவது ஆட்டத்தில் கோப்பையையும் வென்றது. எனவே வடிவத்தைத் தேடும் முன் பெனால்டி எண்ணிக்கையைப் பாருங்கள். அங்கேயே பதில் கிடைத்துவிடலாம்.

7. பெயர் மாற்றங்களைக் கடைசியாகப் பாருங்கள்

புதியவர்கள் இங்கிருந்துதான் தொடங்குவார்கள், ஏனென்றால் செய்தியில் வருவது இது மட்டுமே. யார் உள்ளே, யார் வெளியே என்பது கண்ணுக்குத் தெரியும் மாற்றம், ஆனால் பெரும்பாலும் 3 முதல் 6 வரையிலான படிகளில் சொன்ன நான்கு இடங்களில் ஒன்றின் விளைவுதான். பிஞ்ச் தாங்காத பின்கள வீரர் வெளியே போவார். ஃபேஸ் ஆஃபில் தொடர்ந்து தோற்கும் நான்காவது லைன் சென்டர் வெளியே போவார். காரணம் உங்கள் குறிப்பில் ஏற்கெனவே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது காயமாக இருக்கலாம். பிளேஆஃபில் அணிகள் காயத்தை "மேலுடம்பு", "கீழுடம்பு" என்பதற்கு மேல் சொல்ல மாட்டார்கள்.

வழக்கமாக ஓர் அணி 12 முன்கள வீரர்கள், 6 பின்கள வீரர்கள், 2 கோல்கீப்பர்களோடு இறங்கும். 11 முன்கள வீரர்கள், 7 பின்கள வீரர்கள் என்று மாறினால் இரண்டு விஷயம் இருக்கலாம்: ஏதோ ஒரு பின்கள வீரரின் உடல்நிலையில் சந்தேகம், அல்லது பன்னிரண்டாவது இடத்தில் சுழற்சியாக நட்சத்திரத்தைக் கூடுதல் ஷிஃப்ட் ஆட வைக்கும் திட்டம். எது என்று முதல் பீரியட் முடிவதற்குள் ஆட்ட நேரம் சொல்லிவிடும்.

கோல்கீப்பர் மாற்றத்தைத் தனியாக வையுங்கள். 2025 இறுதித் தொடரில் எட்மன்டன், நான்காவது ஆட்டத்தில் முதல் பீரியட் முடிவில் ஃப்ளோரிடாவிடம் 3-0 என்று பின்தங்கியிருந்தபோது ஸ்டூவர்ட் ஸ்கின்னரை எடுத்துவிட்டுக் கால்வின் பிக்கார்டை இறக்கியது. ஓவர்டைமில் 5-4 என்று ஜெயித்தது. ஐந்தாவது ஆட்டத்தைப் பிக்கார்டே தொடங்கினார், 5-2 தோல்வி. ஆறாவதில் மறுபடி ஸ்கின்னர், 5-1 தோல்வி, தொடர் முடிந்தது. கோல்கீப்பரை மாற்றினால் அணி ஓர் இரவுக்கு உதறிக்கொண்டு எழலாம். வலைக்கு முன்னே தொடர்ந்து கிடைக்கும் வாய்ப்புகள் அதனால் குறையாது. இரண்டாவது படியில் எழுதிய வாய்ப்புக் கணக்கைப் பார்த்தால் பழி யார் மேல் என்று தெரியும்.

8. அடுத்த ஆட்டத்துக்கு முன்பே கணிப்பை எழுதுங்கள்

ஆட்டம் முடிந்த பிறகு விளக்கம் சொல்வது யாருக்கும் எளிது. உங்கள் குறிப்பு சரிதானா என்று சோதிக்க ஒரே வழி, அடுத்த ஆட்டத்துக்கு முன் எழுதி வைப்பது. ஒவ்வொரு அணிக்கும் மூன்று கேள்வி: எங்கே அதிகம் அடிபட்டது? அதைச் சரி செய்ய எந்த ஆளை நகர்த்துவார்கள்? அந்த ஆள் விட்டுவந்த இடத்தில் என்ன திறக்கும்?

உதாரணத்துக்கு, ஓர் அணி பிஞ்ச் தாங்க முடியாமல் திணறுகிறது. சென்டரைக் கீழே இறக்கும் என்று எழுதுகிறீர்கள். சென்டர் கீழே இறங்கினால், வெளியேறும்போது முன்னே ஓட ஆள் குறைவார், எதிரணியின் பகுதிக்குள் மூவராக நுழைய முடியாது. ஆகவே கோல் வாய்ப்பும் குறையும். எதிரணி அப்போது பின்கள வீரர்களை இன்னும் துணிச்சலாக முன்னே அனுப்பும். இவ்வளவும் ஆட்டம் தொடங்கும் முன் உங்கள் தாளில் இருக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கியதும் முதல் பத்து நிமிடத்தில் கணிப்பைச் சரிபாருங்கள். தவறாக இருந்தால் அடித்துவிட்டு, நடப்பதை எழுதுங்கள். ஒரே ஆட்டத்துக்குள் மாற்றம் வருவது பெரும்பாலும் இடைவேளைக்குப் பிறகு. ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 30 நொடி டைம் அவுட் ஒன்றுதான், அதைப் பெரும்பாலும் மூச்சு வாங்கவோ கடைசி நிமிடத்துக்கு ஒரு திட்டம் வரையவோ பயன்படுத்துவார்கள். அதற்குப் பிறகு புது வியூகம் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை: பேட்டிகளை நம்பாதீர்கள். "இன்னும் கடினமாக உழைக்க வேண்டும், வலைக்கு முன்னே போக வேண்டும்" என்று எல்லாப் பயிற்சியாளரும் சொல்வார்கள். உண்மையில் என்ன மாற்றப் போகிறார் என்பதை எதிரணி கேட்டுக்கொண்டிருக்கும் மைக்கில் யார் சொல்வார்?

9. ஆறாவது, ஏழாவது ஆட்டங்களில் பார்வையை மாற்றுங்கள்

ஐந்தாவது ஆட்டத்துக்குள் இரு அணிகளும் பெரும்பாலான பதில்களை ஆடித் தீர்த்துவிடும். புதிய வடிவம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இப்போது பார்க்க வேண்டியது ஆட்ட நேரம். பெஞ்ச் சுருங்கும். நான்காவது லைன் மூன்றாவது பீரியடில் இரண்டு ஷிஃப்டோடு நிற்கும், மூன்றாவது ஜோடி ஐசிங் ஆபத்து இல்லாத இடத்தில் மட்டும் இறங்கும்.

ஓவர்டைம் வந்தால் பெஞ்ச் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பிளேஆஃப் ஓவர்டைம் ஐந்துக்கு ஐந்து, 20 நிமிட பீரியட், முதல் கோலோடு ஆட்டம் முடியும். அணிகள் மறுபடி பக்கம் மாறுவதால், முதல் ஓவர்டைமில் இரண்டாவது பீரியடைப் போலவே பெஞ்ச் தூரமாகிறது. தற்காப்புப் பகுதியில் மாட்டிக்கொண்ட ஐவரால் எளிதில் ஆள் மாற்ற முடியாது. அதனால் இந்த நேரத்தில் ஃபோர்செக்குக்குப் போகும் அணி கோலை மட்டும் தேடுவதில்லை, எதிரணியின் ஐவரையும் ஒரு நிமிடத்துக்கு மேல் களத்திலேயே பிடித்து வைக்கப் பார்க்கும். ஷிஃப்ட் கடிகாரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பின்கள ஜோடி 70 நொடியைத் தாண்டியும் வெளியேற முடியாமல் நின்றால், அடுத்த ஆபத்தான ஷாட் அவர்கள் பக்கத்திலிருந்து வரும் என்று துணிந்து எழுதலாம்.